எல் போர்ட் பொம்மர்கள் – தெரியுமா?

“சியாமாசெட்டி வருது, பங்கருக்கை ஓடுங்கோ!”

1980களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாக வல்வெட்டித்துறை, பொலிகண்டி, தொண்டைமானாறு என்று வடமராட்சிக் கரை முழுக்கக் கேட்ட கூச்சல் இது. அந்தச் சியாமாசெட்டி எதற்காகப் பிறந்த விமானம், தெரியுமா?

குண்டு போட அல்ல. பாடம் சொல்லிக் கொடுக்க!

அதன் முழுப்பெயர் சியாய் மார்க்கெட்டி எஸ்.எவ்.260. இத்தாலிக்காரர் ஸ்டேலியோ பிராட்டி வரைந்தது. அழகான சிறிய விளையாட்டு விமானங்களை வரைவதில் அவர் பேர்போனவர். 1964 ஜூலை 15ஆம் திகதி அது முதன்முதலில் பறந்தது. மாணவரும் ஆசிரியரும் தோளோடு தோள் உரச அருகருகே உட்கார்ந்து, குட்டிக்கரணம் அடித்துப் பழகுவதற்கான விமானம் அது. முழுச் சுமையோடும் 1,300 கிலோவுக்குக் கிட்டத்தட்டத்தான் நிற்கும். இறக்கைக்குக் கீழே 300 கிலோ ஆயுதம் தொங்கவிடலாம் என்று பிறகு ஒரு வடிவம் வந்தது. கதை அங்கேதான் திரும்பியது. சாரதிப் பள்ளிக்கூடத்துக் காரில் எல் போர்டைக் கழற்றாமலே கூரையில் துவக்கைப் பூட்டிய மாதிரி!

இலங்கை விமானப்படை வாங்கியது எஸ்.எவ்.260 ரி.பி. என்ற வடிவத்தை. மூக்கில் சுழல்வது விசிறிதான், ஆனால் அதைச் சுழற்றுவது பழைய பிஸ்டன் எஞ்சின் இல்லை. எரிவாயுச் சுழலி, அதாவது ஜெற் எஞ்சினின் சொந்தத் தம்பி. அலிசன் 250 என்று பெயர். இதே அலிசன் 250 குடும்பத்து எஞ்சின்தான் பெல் 206 ஹெலியின் முதுகிலும் இருந்தது, தெரியுமா? யாழ்ப்பாணத்து வானத்தில் வட்டமடித்துச் சுட்ட ஹெலியும் பதிந்து பதிந்து குண்டு போட்ட சியாமாசெட்டியும் உள்ளுக்குள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டே விமானத்தின் பெயர் சொன்ன சிறுவர்கள் உண்டு. சியாமாசெட்டி, அவ்ரோ, பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும் சகடை, ஹெலி, பிறகு வந்த புக்காரா, கிபிர். பொதுப்பெயர் பொம்மர். பாடசாலையில் எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் இந்த வாய்ப்பாடு தலைகீழாய்த் தெரியும்.

சத்தத்துக்கும் உயிருக்கும் இடையில் எத்தனை விநாடி என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா? போட்டுப் பார்ப்போம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து மணிக்கு 400 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சியாமாசெட்டி வருகிறது என்று வையுங்கள். அதன் இரைச்சல் 9 விநாடியில் உங்கள் காதுக்கு வந்துவிடும். விமானம் வந்து சேர 27 விநாடி எடுக்கும். ஆக, கையில் இருப்பது 18 விநாடி. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழிக்குள் குதிக்க 18 விநாடி போதும். இப்போது அதே மூன்று கிலோமீற்றர், மணிக்கு 1,000 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ஜெற். அது 11 விநாடிக்குள் வந்துவிடும். கழித்துப் பாருங்கள்: உங்களுக்கு மிஞ்சுவது வெறும் 2 விநாடி! 1996இல் கிபிர் வந்தபோது சனம் ஏன் அப்படிக் குலைநடுங்கியது என்பதற்கு இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றே போதும். விசிறி விமானம் சொல்லிவிட்டு வரும். ஜெற் வந்துவிட்டுத்தான் சொல்லும்.

இலங்கைக்கு ஜெற் விமானம் முதன்முதலில் வந்ததே பயிற்சி விமானமாகத்தான் என்பது தெரியுமா? பிரித்தானியாவின் ஹன்ரிங் நிறுவனம் கட்டிய ஜெற் புரொவோஸ்ட். 1959இல் அப்போதைய அரச இலங்கை விமானப்படை ரி.51 என்ற ஆயுதம் தாங்கும் வடிவத்தில் 12 விமானங்கள் வாங்கியது. சூடானும் குவைத்தும் அதே வடிவத்தை வாங்கின.

இந்த ஜெற் புரொவோஸ்ட்டுக்கு உலகச் சரித்திரத்திலேயே ஓர் இடம் உண்டு. அதற்கு முந்திய காலத்தில் விமானி ஆக வருகிறவர் விசிறி விமானத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பழகிய பிறகுதான் அவரை ஜெற் விமானத்தில் கை வைக்க விடுவார்கள். சிக்கல் என்னவென்றால், பழகிய பழக்கமே எமனாகும். விசிறி விமானத்தில் விசையைத் தள்ளினால் எஞ்சின் உடனே சீறும். பழைய ஜெற் எஞ்சின் அப்படியில்லை. தள்ளிய பிறகு அது மெல்ல மெல்லச் சுழற்சி பிடித்து வலு தருவதற்குள் பல விநாடி ஓடிவிடும். தரை இறங்கும் நேரத்தில் வேகம் குறைந்துவிட்டதென்று கடைசிக் கணத்தில் விசையைத் தள்ளிய எத்தனையோ பேருக்கு எஞ்சின் விழித்துக்கொள்வதற்குள் நிலம் வந்துவிட்டது. அப்படியானால் முதல் நாளே ஜெற்றில் உட்கார்த்தினால் என்ன என்று பிரித்தானிய விமானப்படை யோசித்தது. 1955இல் ஹலவிங்டன் தளத்தில், அதுவரை எந்த விமானத்தையும் ஓட்டியிராத புதியவர்களை நேராக ஜெற் புரொவோஸ்டில் ஏற்றிப் பார்த்தார்கள். பயல்கள் பிடித்துக்கொண்டார்கள்! பழைய பழக்கம் இல்லாதவனுக்கு மறக்க வேண்டியதும் இல்லை.

அந்த விமானத்தின் எஞ்சின் கதை இதைவிட வேடிக்கை. வைப்பர் என்று பெயர். அதை முதலில் செய்தது மனிதர் ஏறும் விமானத்துக்கே அல்ல, தெரியுமா? அவுஸ்திரேலியாவின் ஜிண்டிவிக் என்ற ஆளில்லா விமானத்துக்கு. ஜிண்டிவிக்கின் வேலை என்ன? சுட்டுப் பழகுகிறவர்களுக்கு இலக்காகப் பறப்பது. எப்படியும் சுட்டு விழுத்தப் போகிறார்களே என்று, சில மணி நேரம் ஓடினால் போதும் என்ற கணக்கில் எஞ்சினைச் செய்தார்கள். மசகெண்ணெயைச் சுற்றி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடுகூடக் கிடையாது. பட்டது போக மிச்சம் வெளியே போய்விடும். அந்தச் செத்துப்போகப் பிறந்த எஞ்சினைத் தட்டித் திருத்தி, ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும் எஞ்சினாக்கி, மாணவர்களை நம்பி ஏற்றினார்கள். இத்தாலியின் எம்.பி.326, இந்தியாவின் கிரண், ஆரம்ப காலத்துச் செல்வந்தர்களின் ஜெற் விமானம் ஒன்று என்று அது ஏறாத முதுகில்லை.

ஆமாம், கிரண்! பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் கட்டிய கிரண் பயிற்சி ஜெற் 1964 செப்டம்பர் 4ஆம் திகதி முதன்முதலில் பறந்தது. கிரணும் ஜெற் புரொவோஸ்ட்டும் இரண்டு நாட்டுப் பிள்ளைகள், ஒரே எஞ்சின் குலம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றும். சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் இந்திய விமானப்படையின் பயிற்றுநர் பள்ளிக்கூடம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவர்களுக்கே கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் அது. அதன் வானில் கிரண் இரைந்த காலம் நீண்டது. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் சிலர் அதே தாம்பரத்தில் பயிற்சிக்கு வந்திருப்பது தெரியவந்து, தமிழ்நாட்டில் பெரிய கொதிப்பு. முதலமைச்சர் ஜெயலலிதா எதிர்த்து அறிக்கை விட, அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். பாடம் நிற்கவில்லை, வகுப்பறைதான் மாறியது.

சரி, இலங்கையின் ஜெற் புரொவோஸ்ட்கள் கடைசியில் என்ன செய்தன, தெரியுமா? 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது அவை சீனக்குடாவில் ஓட்டமில்லாமல் களஞ்சியப்படுத்தப்பட்டுக் கிடந்தன. தூசு தட்டி மூன்றே நாளில் பறக்க வைத்தார்கள். பயிற்சிக்கென்று வாங்கிய விமானங்கள் சொந்த நாட்டுப் பெடியள் மேல் ரொக்கெற் அடித்தன. அடிபட்டவர்கள் சிங்களக் கிராமத்து இளைஞர்கள். இலங்கையில் ஜெற் பயிற்சி விமானம் முதலில் பொம்மர் ஆனது வடக்கில் அல்ல, தெற்கில்! எங்கள் பக்கம் அதிகம் பேசப்படாத சங்கதி இது. பேசப்பட வேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கிளர்ச்சிக்காலத்தில் உதவிக்கு ஓடிவந்தவர்களில் சோவியத் ஒன்றியமும் ஒன்று. மிக்-17 போர்விமானங்களோடு ஒரு மிக்-15 யூ.ரி.ஐ.யும் வந்தது. இரண்டு ஆசனம் கொண்ட பயிற்சி ஜெற். இந்த வகை விமானத்துக்கு உலகறிந்த ஒரு துக்கச் செய்தி உண்டு, தெரியுமா? விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின் உயிரிழந்தது மிக்-15 யூ.ரி.ஐ.யில்தான்! 1968 மார்ச் 27, பயிற்றுநர் விளாடிமிர் செரியோகினோடு வழக்கமான ஒரு பயிற்சிப் பறப்பு. பூமியைச் சுற்றிவந்தவர் ஒரு பயிற்சி விமானத்தில் விழுந்து மாண்டார். அதே ககாரின் 1961 டிசம்பரில் இலங்கைக்கு வந்துபோனவர் என்பது இன்னொரு தெரியுமா.

பயிற்சி விமானம் என்றும் போர்விமானம் என்றும் கோடு கிழிப்பதெல்லாம் வாங்குகிறவரின் பையைப் பொறுத்தது. நாட் என்ற குட்டி ஜெற்றைப் பாருங்கள். செய்தவர்கள் பிரித்தானியர், ஆனால் தங்கள் விமானப்படையில் அதை மாணவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். சிவப்பு அம்புகள் என்ற புகழ்பெற்ற சாகசக் குழு 1965இல் ஆடத் தொடங்கியதும் அந்தப் பயிற்சி நாட்டில்தான். இந்தியாவோ அதையே சண்டைவிமானமாகத் தானே கட்டி, பாகிஸ்தானின் சேபர் ஜெற்களோடு மோத விட்டது. ஒரே விமானம்! ஓரிடத்தில் வாத்தியார், ஓரிடத்தில் சண்டியன். 1967 ஆறு நாள் யுத்தத்தில் இஸ்ரேல் பூகா மஜிஸ்டர் என்ற பிரெஞ்சுப் பயிற்சி ஜெற்களைத் தரைத்தாக்குதலுக்கு இறக்கியது. ஜெற் புரொவோஸ்ட்டின் சொந்தப் பிள்ளை ஸ்ட்ரைக்மாஸ்டர் 1972 ஜூலையில் ஓமானின் மிர்பாத் நகரில் சண்டையின் போக்கையே திருப்பியது. காசில்லாத நாட்டுக்குப் பயிற்சி விமானம் என்பது வாயில் சிரிப்பும் இடுப்பில் கத்தியும்.

இனிக் கொஞ்சம் ஊருக்கு வருவோம். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் விசித்திரப் பட்டப் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? கப்பல் பறக்கும், விமானம் பறக்கும், பெயர் வைக்க முடியாத உருவமெல்லாம் பறக்கும். பாய்மரம் விரித்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணிக் கப்பலை அனுப்பிய ஊருக்குக் காற்றைப் பிடிப்பது புதிதில்லை. ஆனால் ஒரு பட்டக்காரர் முச்சை கட்டுவதை அருகே நின்று பாருங்கள். விமானப் பயிற்சியின் முதல் பாடம் முழுக்க அந்த இரண்டு மூன்று நூலில் இருக்கிறது! மேல் நூலை ஒரு விரற்கடை நீட்டினால் பட்டம் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை எதிர்க்கும், விசை கூடும். இன்னும் நீட்டினால்? ஏறாது. காற்று அதன் முதுகோடு ஒட்டி வழியாமல் பிய்ந்து சுழலும். பட்டம் தள்ளாடிக் குப்புற விழும். குறைத்துக் கட்டினால் கிடையாய்ப் படுத்து, தூக்குவிசை போதாமல் துவளும். அந்த ஒரு விரற்கடைக்காக அரை மணி நேரம் கட்டி அவிழ்த்துக் கட்டுவார்கள். இறக்கைக்கும் இதே விதிதான். பெரும்பாலான இறக்கைகள் காற்றுக்குப் பதினைந்து பாகை அளவு நிமிர்ந்ததும் தூக்குவிசையை இழந்துவிடும். எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் விதி விதிதான்.

பட்டம் விழுந்தால் பிய்ந்த தாளை ஒட்டலாம். விமானத்தில் அந்தக் கட்டத்தில் ஓர் இறக்கை முந்தித் தொய்ந்தால், சுழன்று சுழன்று கீழே போகும். பயிற்சி விமானத்தின் அதிசயமே இங்கேதான்: அந்தச் சுழற்சியை வேண்டுமென்றே செய்ய வைப்பார்கள், தெரியுமா? உயரத்துக்குப் போய், எஞ்சின் விசையைக் குறைத்து, மூக்கை நிமிர்த்தி, விமானம் நடுங்கத் தொடங்கியதும் சுக்கானை ஒரு பக்கம் முழுக்க மிதிக்க வேண்டும். பூமி கண்ணுக்கு முன்னால் சக்கரமாய்ச் சுழலும். பிறகு சுழலும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மிதி, கட்டுப்பாட்டுத் தண்டை முன்னுக்குத் தள்ளு, சுழற்சி நின்றதும் மெல்ல நிமிர்த்து. மூக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு விழும்போது தண்டை இன்னும் முன்னுக்குத் தள்ளச் சொன்னால் எந்த மனிதனின் கை கேட்கும்? கேட்க வைப்பதுதான் பயிற்சி. கிரணுக்கு அடுத்ததாக இந்தியா செய்த சித்தாரா ஜெற் 2003 மார்ச்சில் பறந்தது. இந்தச் சுழற்சிச் சோதனையில்தான் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. மாணவன் தவறு செய்தால் மன்னிக்காத விமானம் வகுப்பறைக்கு உதவாது. 2025இல் யஷஸ் என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கிற வேகத்தில் பறந்திருந்தால் எவ்வளவு நல்லது.

   

1987க்கு வருகிறேன். மே 26ஆம் திகதி வடமராட்சி மேல் பெரும் படைநடவடிக்கை தொடங்கியது. வானிலிருந்து அடித்த விமானங்களில் முன்னுக்கு நின்றது நம் சியாமாசெட்டி. ஆனால் அடுத்த வாரமே வானம் தலைகீழாக மாறியதைப் பாருங்கள். ஜூன் 4ஆம் திகதி இந்தியாவின் அன்ரனோவ்-32 சரக்கு விமானங்கள் ஐந்து, மிராஜ் 2000 போர்விமானங்கள் துணைவர, குடாநாட்டின் மேல் உணவுப்பொதி போட்டுவிட்டுப் போயின. பூமாலை நடவடிக்கை என்று பெயர். தடுத்திருக்க முடியாதா? எதைக் கொண்டு தடுப்பது? இலங்கையிடம் அன்றைக்கு மிராஜை எதிர்க்க ஒரு ஜெற் சண்டைவிமானமும் இல்லை. கையில் இருந்தது பயிற்சிக்காகப் பிறந்த விசிறி விமானம். கீழே இருந்தவர்களுக்கு எமனாய்த் தெரிந்தது மேலே ஒரு மிராஜ் முன்னால் குருவிக் குஞ்சு!

இதற்குப் பிறகுதான் இலங்கைக்கு மறுபடியும் ஜெற் ஆசை பிடித்தது. 1991இல் சீனாவிலிருந்து எவ்-7 போர்விமானங்களும், அவற்றுக்கு ஆள் தயார் செய்ய எவ்ரி-5, எவ்ரி-7 என்ற இரட்டை ஆசனப் பயிற்சி ஜெற்களும் வந்தன. எவ்ரி-7இல் பின்னால் இருக்கும் வாத்தியாரால் முன்னால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது, தெரியுமா? மாணவனின் ஆசனமும் தலையும் மறைத்துவிடும். அதனால் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதுபோல ஒரு பெரிஸ்கோப்! கண்ணாடி வழியாக ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு, முன்னால் இருப்பவன் ஒழுங்காக இறக்குகிறானா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பின் ஆசனத்தை உயர்த்தி வைத்தால் போகிற காரியம் என்று பிந்திய விமானங்களில்தான் செய்தார்கள். 2000இல் வந்த மிக்-27 இன்னொரு கூத்து: அந்த விமானத்துக்கு இரட்டை ஆசன வடிவமே கிடையாது. ஆகவே அதன் அண்ணன் முறையான மிக்-23இன் பயிற்சி வடிவத்தை ஒன்று சேர்த்து வாங்கினார்கள்.

எவ்-7 வந்த காலத்தில் கீழே குடாநாட்டில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. சனம் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு புகை கக்கக் கக்க மண்ணெண்ணெயில் போவது. மேலே பறந்த ஜெற் எதில் ஓடியது, தெரியுமா? அதுவும் மண்ணெண்ணெய் இனம்தான்! சுத்திகரித்து, உறையாமல் பக்குவப்படுத்திய மண்ணெண்ணெய். குண்டு போட வந்ததும், அதற்குத் தப்பி ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு ஓடியதும் ஏறத்தாழ ஒரே எண்ணெயில். இதைவிடப் பெரிய தெரியுமா எனக்குத் தெரியாது.

இன்றைக்கு இலங்கையின் ஜெற் பயிற்சி விமானம் கே-8. சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து உருவாக்கியது. இரண்டு நாட்டு எல்லையில் நிற்கும் காரகோரம் மலையின் பெயரை வைத்தார்கள். முதல் பறப்பு 1990 நவம்பர் 21. மணிக்கு 800 கிலோமீற்றர் வரை போகும். வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குக் கடல்வழி 60 கிலோமீற்றர் அளவு. இந்த ஜெற்றுக்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம். எகிப்து 120 கே-8 கட்டிக்கொண்டது. பொலிவியா, சாம்பியா, மியன்மார் என்று அது போகாத ஊரில்லை. எஞ்சின் அமெரிக்க வம்சம், தப்பிக்கும் ஆசனம் ஆங்கிலேய மார்ட்டின் பேக்கர் நிறுவனத்துடையது. அரசியலில் முறைத்துக்கொள்ளும் நாடுகள் எல்லாம் ஒரு விமானத்துக்குள் அடக்கமாய் உட்கார்ந்திருக்கின்றன.

இலங்கைக்கு வந்த முதல் கே-8களின் ஆயுள் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 2001 ஜூலை 24 அதிகாலை கட்டுநாயக்க விமானத்தளத்துக்குள் விடுதலைப் புலிகள் புகுந்து தாக்கியதில் எரிந்துபோன விமானங்களில் மூன்று கே-8. வந்து சேர்ந்து அதிக காலம் ஆகாதவை. பிறகு மறுபடியும் வாங்கினார்கள். 2007 அக்டோபர் 22ஆம் திகதி அநுராதபுரத் தளம் தாக்கப்பட்டபோதும் அழிந்தவற்றில் பயிற்சி விமானங்கள் இருந்தன. அன்று மேலிருந்து குண்டு போட்டது எது, தெரியுமா? செக் நாட்டின் ஸ்லின் 143! அதுவும் பழகவும் சுற்றிப் பார்க்கவும் செய்த நாலு ஆசனச் சிறு விமானம். 2007 மார்ச் 26 இரவு கட்டுநாயக்கவில் குண்டு போட்டு உலகச் செய்தியானதும் அதே ஸ்லின். புலிகளின் வான்பிரிவுக்கு அடி போட்டவர் என்று சொல்லப்படும் வைத்திலிங்கம் சொர்ணலிங்கம் வல்வெட்டித்துறைக்காரர். எயார் கனடாவில் விமானப் பொறியியல் வேலை பார்த்தவர். 2001 செப்டம்பரில் கொல்லப்பட்டார். 2009 பெப்ரவரியில் ஸ்லின் ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியதோடு அந்தக் கதை முடிந்தது. அரசு தரப்பில் இத்தாலியப் பயிற்சி விமானம், எதிர்த்தரப்பில் செக் பயிற்சி விமானம். இந்தத் தீவின் வான்யுத்தத்தில் பாதி, வகுப்பறையிலிருந்து தப்பி வந்த விமானங்கள் நடத்திய யுத்தம்.

கே-8இன் ஆசனத்தைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2025 மார்ச் 21ஆம் திகதி வாரியபொல பக்கம் ஒரு கே-8 பயிற்சியின்போது விழுந்தது. பயிற்றுநரும் மாணவரும் ஆசனத்தோடு வெளியே வீசப்பட்டுப் பரசூட்டில் உயிரோடு இறங்கினார்கள். இந்த ரக ஆசனம் ஓடுபாதையில் அசையாமல் நிற்கும் விமானத்திலிருந்தே ஆளை மேலே அனுப்பி, பரசூட்டை விரித்து இறக்கிவிடும்! உயரமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். மார்ட்டின் பேக்கரின் ஆசனங்கள் உலகம் முழுக்கக் காப்பாற்றிய விமானிகள் ஏழாயிரத்துக்கும் மேல். தப்பியவர்களுக்கென்று கழுத்துப்பட்டியோடு ஒரு சங்கமே 1957 முதல் நடக்கிறது. கீழே பதுங்குகுழிக்குள் குதித்துத் தப்பியவர்களுக்குச் சங்கமும் இல்லை, பட்டியும் இல்லை, தொகையும் யாரிடமும் இல்லை.

விமானம் எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை குண்டோடு போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதெல்லாம் படைகளின் பதிவேட்டில் இருக்கும். கீழே இருந்த கணக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. ஆகவே வாசகர்களே, வல்வெட்டித்துறையோ பருத்தித்துறையோ, ரொறொன்ரோவோ லண்டனோ, எங்கே இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். 1987ஐக் கண்ட அப்பா, அம்மா, அம்மம்மாவிடம் கேளுங்கள்: எந்த விமானம் எப்படி இரைந்தது, எத்தனை தரம் பதிந்தது, பங்கர் எந்த மரத்தடியில் இருந்தது, யார் யார் உள்ளே இருந்தார்கள். திகதி, இடம், பெயரோடு குறித்து வையுங்கள், முடிந்தால் அவர்கள் குரலிலேயே பதிந்து வையுங்கள். அடுத்த பொங்கல் வரை தள்ளிப் போட வேண்டாம்.